அப்பா, அம்மா அரட்டைக்கு வருவார்களா?

2025 ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் பலர், பெற்றோரின் போனை வாங்கி ஒரு புதுச் செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வாட்ஸ்அப் போலச் செய்தி அனுப்பவும் பேசவும் உதவுகிற, ஸோஹோ நிறுவனத்தின் அரட்டை. 2021 ஜனவரியிலேயே வெளிவந்து, நான்கு வருடத்துக்கு மேல் பெரிதாக யாரும் பேசாமல் கிடந்த செயலி அது. செப்டம்பர் கடைசியில் ஒன்றிய அமைச்சர் தர்மேந்திர பிரதான் எக்ஸ் தளத்தில் அதைப் பயன்படுத்தச் சொன்னார். அமெரிக்கா போட்ட வரியால் சுதேசிப் பேச்சும் அப்போது சூடாக இருந்தது. தினமும் புதிதாகச் சேர்பவர்கள் மூன்றே நாளில் 3,000-லிருந்து 3,50,000 ஆகிவிட்டதாக ஸோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். ஆப்பிள் ஆப் ஸ்டோரின் சமூக வலைத்தளப் பிரிவில் இந்தியாவில் முதலிடத்துக்கும் வந்தது.

அக்டோபர் 20 தீபாவளி. எனக்குத் தெரிந்த வீடுகளில் வாழ்த்துகள் வழக்கம்போல வாட்ஸ்அப்பில்தான் போயின, வாட்ஸ்அப்பில்தான் வந்தன. அரட்டை அம்மாவின் போனில் இருக்கிறது, ஆனால் திறக்கப்படவில்லை. அடுத்த சில வாரங்களில் பதிவிறக்கப் பட்டியலின் உச்சியிலிருந்தும் அது இறங்கிவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு "வயசானவங்க புதுசு எதுக்கும் வரமாட்டாங்க" என்று முடிவு கட்டுகிறோம். அந்த முடிவு தவறு. அறுபது, எழுபது வயதுக்காரர்கள் புதிய செயலிக்கு வந்திருக்கிறார்கள். ஒன்றல்ல, பல முறை வந்திருக்கிறார்கள். எப்போது வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்று பார்த்தால் அரட்டை அந்த வீடுகளில் ஏன் திறக்கப்படவில்லை என்பதும் புரியும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், படம் அனுப்பலாம். குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் வேலை செய்யாது. இணையவழி அழைப்புக்கு அங்கே உரிமம் பெற்ற செயலிகள் மட்டும்தான். பாட்டிம் அவற்றில் ஒன்று. எதிசலாத், டூ என்ற அங்குள்ள தொலைபேசி நிறுவனங்களிடம் அதற்கென்று மாதக் கட்டணம் கட்டிப் பேச வேண்டியிருந்தது. அதனால் துபாயிலும் ஷார்ஜாவிலும் மகன் இருக்கிற வீடுகளில் என்ன நடந்தது? ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் நாகர்கோவிலிலும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கிற அம்மாக்கள் பாட்டிமோ இமோவோ வைத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் படித்தோ விளம்பரம் பார்த்தோ அல்ல. மகன் முகம் அதில் மட்டும்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து போட்டுக் கொடுத்தான். மணி அடித்தால் எந்தப் பொத்தானை இழுக்க வேண்டும் என்று காட்டினான். முடிந்தது.

அந்த அம்மாக்களில் பலருக்கு ஆங்கிலம் படிக்க வராது. சிலருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். இந்தச் செயலிகள் அழகாக இருந்ததாகவும் சொல்ல முடியாது; இமோவில் விளம்பரங்கள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள்.

ஈழத்திலும் இதே கதைதான். போருக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தனியே இருந்த தாய் தகப்பன்மார், டொரண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் பிள்ளைகளோடு ஸ்கைப்பில் கதைத்தார்கள், பிறகு வைபருக்கு வந்தார்கள், அப்புறம் வாட்ஸ்அப். 2025 மே மாதம் ஸ்கைப் மூடப்பட்டபோது அந்த வீடுகளில் பெரிய கலக்கம் எதுவும் இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே வேறு இடத்திலிருந்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோரும் அங்கே போய்விட்டிருந்தார்கள்.

ஆகவே, செயலியை ஏற்பதா வேண்டாமா என்று பெற்றோர் தனியே உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. முடிவு செய்வது குடும்பம். அதிலும் குறிப்பாக, யாருடைய அழைப்புக்காக அவர்கள் காத்திருக்கிறார்களோ அந்த ஒருவர்.

வாட்ஸ்அப்பே அப்படித்தான் உள்ளே வந்தது. 2009-இல் தொடங்கிய அது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கவில்லை, போன் எண் இருந்தால் போதும் என்றது. மின்னஞ்சல் முகவரி இல்லாத ஒரு தலைமுறைக்கு இது பெரிய கதவு. 2013-இல் குரல் பதிவு வந்தது. தட்டச்சுத் தெரியாதவர்களும் "வாய்ஸ் போட" ஆரம்பித்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. இந்த இரண்டும் இரண்டு மாத இடைவெளியில் நடந்ததை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பேரனுக்குப் பல் முளைத்ததைப் பெங்களூரிலிருந்து காட்ட முடிந்தது அதற்குப் பிறகுதான். 2020 ஊரடங்கு மிச்சமிருந்தவர்களையும் கொண்டு வந்து சேர்த்தது. சாவு வீட்டுக்குக்கூடப் போக முடியாத மாதங்கள் அவை. முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது போனில்தான் என்று ஆனபோது, போன் வேண்டாம் என்றிருந்தவர்களும் வாங்கினார்கள்.

சரி, பிள்ளைகள் கூப்பிட்டால் வருவார்கள் என்றால், அரட்டைக்கும் பிள்ளைகள்தானே கூப்பிட்டார்கள்?

கூப்பிட்டார்கள், ஆனால் தாங்கள் போகவில்லை. செயலியை ஏற்றிக் கொடுத்த மகள், ஊர் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வாட்ஸ்அப்பில்தான் வீடியோ கால் போட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளுடைய அலுவலகக் குழு, பிள்ளையின் பள்ளிக் குழு, குடியிருப்புச் சங்கம் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. விரல் அங்கேதான் போகும். அம்மா அரட்டையைத் திறந்து பார்த்திருந்தால் "இவர் அரட்டையில் இணைந்துவிட்டார்" என்ற அறிவிப்புகள் வரிசையாக இருந்திருக்கும், பேச்சு ஒன்றும் இருந்திருக்காது. ஆள் இல்லாத வீட்டில் யார் போய் உட்காருவார்கள்?

பொருளியலில் இதை வலைப்பின்னல் விளைவு என்பார்கள்: சேவையின் பயன் அதன் தரத்தில் இல்லை, அதில் யார் இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இந்தியாவில் வாட்ஸ்அப்பில் இருப்பவர்கள் 50 கோடிக்கும் மேல். ஆனால் வயதான பெற்றோர் விஷயத்தில் அந்தப் பெரிய எண்ணால் எதுவும் விளங்காது. 50 கோடி பேரில் அவர்களுக்கு வேண்டியவர்கள் இருபது முப்பது பேர். அந்த இருபது பேரும் நகர்ந்தால் மீதி 50 கோடி எங்கே இருந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. அந்த இருபதில் ஒருவர் நகராவிட்டாலும் பழைய இடத்தை விட முடியாது. ஜெர்மனியில் இருக்கும் தங்கை மகன், ஸ்மார்ட்போனில் ஒரே ஒரு செயலி மட்டும் தெரிந்த பெரியம்மா, இவர்கள் போதும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் 1990-களிலிருந்து சொல்லி வரும் கருத்து இங்கே பொருந்துகிறது. தன் முன்னால் இருக்கும் காலம் குறைவு என்று உணர்பவர்கள், புது அறிமுகங்களைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, மனதுக்கு நெருக்கமான சிலரோடு நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்பது அது. ஒதுங்கிப்போவது என்று அதைப் பார்க்கக் கூடாது. தேர்ந்தெடுப்பது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான சமூக வலைத்தளங்கள் இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்டவை. "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்", "இவரைப் பின்தொடருங்கள்" என்று புது ஆட்களைக் கொண்டுவந்து தள்ளுவதுதான் அவற்றின் வேலை. இருபது வயதில் அது கிளர்ச்சி, எழுபதில் தொந்தரவு.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2021-இல் எடுத்த கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 65 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் ஃபேஸ்புக்கில் இருந்தார்கள். இன்ஸ்டாகிராமில் 13 சதவீதம், டிக்டாக்கில் 4 சதவீதம், ஸ்னாப்சாட்டில் 2 சதவீதம். 18 முதல் 29 வயதுக்காரர்களில் ஸ்னாப்சாட் வைத்திருந்தவர்கள் 65 சதவீதம். இந்த நான்கில் ஃபேஸ்புக் மட்டும் ஏன் விலகி நிற்கிறது? 2004-இல் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியது அது. 2006 செப்டம்பரில்தான் 13 வயது நிரம்பிய எல்லோருக்கும் திறந்தது. அந்த மாணவர்கள் பிறகு கல்யாணம் கட்டி, குழந்தை பெற்று, படங்களைப் போட்ட இடம் ஃபேஸ்புக். தாத்தா பாட்டிகள் அந்தப் படங்களைப் பின்தொடர்ந்து வந்தார்கள் என்றே நான் படிக்கிறேன். ஸ்னாப்சாட்டில் அவர்களைக் கூப்பிட யாரும் இல்லை. கூப்பிடாமல் இருப்பதுதான் அங்கே பிள்ளைகளின் விருப்பமும்.

இதுவரை சொன்னது ஆட்களைப் பற்றி. பொருட்களும் இருக்கின்றன. ஒரு வயதானவரின் வாட்ஸ்அப்பில் பத்து வருட வாழ்க்கை சேர்ந்து கிடக்கிறது. இறந்துபோன கணவர் "மாத்திரை போட்டியா" என்று அனுப்பிய குரல் பதிவு, பேத்தி முதன்முதலாக நடந்த வீடியோ, தங்கையோடு பேச்சு நின்றுபோவதற்கு முன்பு எழுதிக்கொண்டவை. உரையாடலை வெளியே எடுக்க வாட்ஸ்அப்பில் வசதி உண்டு. ஆனால் கோப்பாக வெளியே எடுப்பது வேறு, விரலால் மேலே தள்ளிக்கொண்டே போய் அதே இடத்தில் அதே குரலைக் கேட்பது வேறு. "அம்மா, இதை டெலீட் பண்ணிட்டு அதைப் போட்டுக்கலாம், போன்ல இடம் இல்ல" என்று சாதாரணமாகச் சொல்கிற பிள்ளைக்கு, தான் எதை அழிக்கச் சொல்கிறோம் என்பது பெரும்பாலும் தெரியாது. தயவுசெய்து கேட்டுவிட்டு அழியுங்கள்.

இடம் இல்லை என்பதும் உண்மையான பிரச்சினைதான். பெற்றோர் கையில் இருப்பது பெரும்பாலும் பிள்ளை பயன்படுத்திக் கழித்த பழைய போன். அதன் நினைவகம் குட் மார்னிங் படங்களாலும் கோயில் அபிஷேக வீடியோக்களாலும் நிரம்பியிருக்கும். வயதானால் விரல் நுனித் தோல் உலர்ந்துவிடும்; தொடுதிரை மின்னூட்ட மாற்றத்தை வைத்துத்தான் விரலை அறிகிறது என்பதால், உலர்ந்த விரலைச் சில நேரம் அது உணர்வதே இல்லை. இரண்டு தரம் மூன்று தரம் அழுத்துவார்கள், அது நீண்ட அழுத்தமாகிப் போய் வேறு ஏதோ பட்டியல் திறக்கும். "நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்" என்று போனைக் கீழே வைத்துவிடுவார்கள். பழகிய செயலியில் இந்தத் தடுமாற்றங்களுக்கெல்லாம் அவர்கள் தாங்களாகவே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: மகன் படம் மேலிருந்து இரண்டாவது, கேமரா வடிவம் வலது ஓரம், பச்சை வட்டம் என்றால் புதுசு வந்திருக்கிறது. படிப்பதில்லை, இடத்தையும் நிறத்தையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். புதுச் செயலி அந்த நினைவு முழுவதையும் ஒரே நாளில் செல்லாததாக்கிவிடுகிறது. தொழில்நுட்பத்தை ஏற்பது பற்றி ஃபிரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த மாதிரியில் இரண்டு விஷயங்கள் முக்கியம்: இது பயன்படுமா, இது சுலபமா. வயதானவர்களுக்கு முதல் கேள்விக்கான பதில் "ஆமாம்" என்று உறுதியாக இருந்தால் இரண்டாவதைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு அந்தக் கீழக்கரை அம்மாவே சாட்சி.

பயம் தனி விஷயம். 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரிக்க வேண்டியிருந்தது. காவல் அதிகாரி வேடத்தில் வீடியோ காலில் வந்து மிரட்டிச் சேமிப்பை உருவுகிறார்கள். ஓய்வூதியக்காரர்கள் பலர் சிக்கியிருக்கிறார்கள். அதனால் நாமே பெற்றோரிடம் ஓயாமல் சொல்கிறோம்: தெரியாத லிங்க்கைத் தொடாதே, ஓடிபி யாருக்கும் சொல்லாதே, சந்தேகம் வந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடி. அவர்கள் அதைச் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார்கள். இப்போது அதே பிள்ளைகள் லிங்க் அனுப்பி, "இதைத் தொட்டு இன்ஸ்டால் பண்ணுங்க, ஓடிபி வரும், போடுங்க, கேக்கறதுக்கெல்லாம் ஓகே குடுங்க" என்கிறோம். அவர்கள் தயங்குவது அறியாமையால் அல்ல. நாம் கற்றுக்கொடுத்த பாடத்தின்படி நடந்துகொள்கிறார்கள்.

அரட்டைக்காகச் சொல்லப்பட்ட வாதங்களில் தனியுரிமை ஒன்று. 2021-இல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆக, கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே நேரம், அரட்டைக்குக் கூட்டம் வந்த அந்த வாரங்களில் அதன் அழைப்புகளுக்கு மட்டும்தான் முழு மறையாக்கம் (பேசுகிற இருவரைத் தவிர வேறு யாரும், நிறுவனம்கூட, பார்க்க முடியாத பூட்டு) இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. பிறகுதான் கொண்டு வரத் தொடங்கினார்கள். நியாயமாகப் பார்த்தால், தனியுரிமைக்காக மாறச் சொல்ல அது ஏற்ற நேரமே அல்ல.

ஆனால் பெற்றோரிடம் இந்த வாதம் எடுபடாததற்குக் காரணம் மறையாக்கம் அல்ல. அவர்களுக்கும் அந்தரங்கம் உண்டு, அது வேறு திசையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனம் தன் தொடர்பு விவரங்களைப் பார்ப்பது அவர்களை உறுத்துவதில்லை. மருமகள் 'லாஸ்ட் சீன்' பார்ப்பது உறுத்தும். பெண் பார்க்கும் விஷயம் மச்சினர் வீட்டுக்குத் தெரிந்துவிடுவது உறுத்தும். ஸ்டேட்டஸை யார் யாருக்கு மறைக்கலாம் என்பதைக் கற்றுக்கொண்ட அறுபது வயதுப் பெண்கள் எத்தனையோ பேர். தேவைப்பட்டதைத் துல்லியமாகக் கற்றுக்கொள்கிறார்கள். புதுச் செயலிக்காரர்கள் இந்த வகை அந்தரங்கத்தைப் பற்றி யோசித்தால் நல்லது. உறவுகளுக்கு நடுவே எது யாருக்குத் தெரியலாம் என்பதுதான் நம் வீடுகளில் நிஜமான தனியுரிமைக் கேள்வி.

சுதேசி வாதத்துக்கும் இதே நிலைதான். நம் ஊர் ஆட்கள் செய்தது என்பதில் பெற்றோருக்கு உண்மையான பெருமை இருந்தது. பெருமைக்காக ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் தினமும் திறக்க வைக்கப் பெருமை மட்டும் போதாது. உள்நாட்டில் உருவான ஹைக் என்ற செய்திச் செயலி 2021 ஜனவரியில் மூடியது. ட்விட்டருக்கு மாற்றாக வந்த கூ 2024 ஜூலையில் மூடியது. பணமும் ஆளும் கூகுள் அளவுக்கு இருந்தும் அதன் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் எட்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. சீனாவில் வீசாட் என்ற செய்திச் செயலி 2014 சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை அப்படியே செயலிக்குள் கொண்டுவந்தது. பேரப்பிள்ளைக்குப் பெரியவர்கள் பணம் கொடுப்பது அங்கே பண்டிகையின் உயிர். புது வழக்கம் எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லாமல், இருக்கிற வழக்கத்துக்கு ஒரு புது வழி திறந்தார்கள்.

சரி, வாட்ஸ்அப்பிலிருந்து பெற்றோரை நகர்த்த நினைக்கும் வீடுகள் என்ன செய்யலாம்? எதையும் அழிக்காமல், குழுக்களைத் தொடாமல், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்: தினசரி அழைப்பு. மகன் இனிமேல் அரட்டையில் மட்டும்தான் கூப்பிடுவான் என்றால், சில வாரங்களில் அம்மாவுக்கு அது பழகிவிடும். அதற்கு மகன் உறுதியாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு என்று பழையதில் அடித்தால் பழையதுதான் நிற்கும். அமீரகத்தில் வேலை செய்த விதி இதுதான், அங்கே அதை அரசு விதித்தது, இங்கே குடும்பமே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் உறவு இருந்தால் அங்கே புதுச் செயலியின் அழைப்பு வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துக்கடை, கேஸ் பதிவு, சென்னை மெட்ரோ டிக்கெட் வரை வாட்ஸ்அப்பில் வருகிற காலம் இது. அவற்றைக் கடைசிவரை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு பாடும் பெற்றோர் ஏன் படவேண்டும் என்பது என் கேள்வி. யுபிஐ 2016-இல் வந்தது. அப்பா போன்பே வைத்திருக்கலாம், மகள் கூகுள் பே வைத்திருக்கலாம், காய்கறிக்காரர் பேடிஎம் அட்டை மாட்டியிருக்கலாம். பணம் போய்ச் சேர்கிறது. மின்னஞ்சலும் அப்படித்தான். செய்திச் செயலிகள் மட்டும் ஒன்றுக்கொன்று பேசாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கின்றன. வேம்பு அந்தப் பரபரப்பின் நடுவே சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: யுபிஐ போல, மின்னஞ்சல் போல, செய்திச் சேவைகளும் ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும் என்றார். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதன்படி 2025 நவம்பரில் வாட்ஸ்அப் அங்கே பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சிறிய செயலிகளோடு செய்திப் பரிமாற்றத்துக்கு வழிவிடத் தொடங்கியது. மறையாக்கத்தைக் கெடுக்காமல் இதைச் செய்வது கடினம்தான், ஆனாலும் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. வந்தால், அரட்டை பிடித்த பிள்ளைகள் அரட்டைக்குப் போய்க்கொள்ளலாம். அம்மா இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு அவர்களோடு பேசலாம்.